ஷபீஹ்: சாயலை எழுதுதல்

முகலாயர் காலத்து முக ஓவியங்கள் சிலவற்றின் ஓரத்தில் பொடி எழுத்தில், பாரசீகத்தில், 'ஷபீஹே' என்று தொடங்கி ஒரு பெயர் எழுதியிருக்கும். 'இன்னாருடைய ஷபீஹ்' என்று பொருள். தமிழில் இதைப் பெரும்பாலும் 'உருவப்படம்' என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லின் உயிர் அதில் வரவில்லை.

ஷபீஹ் அரபுச் சொல். ஷ, ப, ஹ என்ற மூன்று மெய்கள் சேர்ந்தது அதன் வேர். ஒத்திருத்தல், ஒன்றுபோல் இருத்தல் என்பது வேரின் பொருள். அரபு, பாரசீக அணியிலக்கணத்தில் உவமை அணிக்குப் பெயரான 'தஷ்பீஹ்' இதே வேரில் பிறந்தது. ஐயத்தைக் குறிக்கும் 'ஷுப்ஹா'வும் அப்படியே. ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்தால் எது எது என்று ஐயம் வரத்தானே செய்யும்! ஆக, ஷபீஹ் என்றால் வெறும் படம் அல்ல, ஒப்பு. 'யாரைப் போல?' என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கேள்வியை முகலாய அரசவை உண்மையாகவே கேட்டது. அக்பர் தானே ஓவியர்முன் அமர்ந்தார், அரசின் பெருமக்கள் எல்லோருடைய சாயலையும் எழுதச் சொன்னார், பெரிய படத்தொகுப்பு ஒன்று உருவானது என்று அவருடைய அவை அறிஞர் அபுல் ஃபஸல் 'ஆயினே அக்பரி' என்ற நூலில் பதிந்திருக்கிறார். மறைந்தவர்கள் அதில் புது உயிர் பெற்றார்களாம்.

ஜஹாங்கீர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1613-இல் கான் ஆலம் தலைமையில் ஈரானுக்குத் தூது அனுப்பியபோது, கூடவே பிஷன்தாஸ் என்ற ஓவியரையும் அனுப்பினார். ஈரான் மன்னர் ஷா அப்பாஸின் முகத்தை நேரில் பார்த்து எழுதி வரவேண்டும், அதுதான் வேலை. பிஷன்தாஸ் திரும்பி வந்ததும், ஷாவிடம் பணிபுரிந்தவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டியதாகவும், மிக நன்றாக வந்திருப்பதாக அவர்கள் சொன்னதாகவும் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார். ஷபீஹுக்கு இதைவிடச் சரியான தேர்வு உண்டா? தெரிந்தவர் பார்த்து 'அவரேதான்' என்று சொல்லவேண்டும். பிஷன்தாஸுக்குப் பரிசாக யானை கிடைத்தது.

சாயலைப் பிடித்த பிறகு அதைக் காப்பாற்றுவது தனி வேலை. பதப்படுத்தி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக்கிய மான் தோலை மூலப்படத்தின் மேல் வைத்துக் கோடுகளை எடுப்பார்கள். 'சர்பா' என்று அதற்குப் பெயர். கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, வேறு தாளில் வைத்துக் கரித்தூளைத் தட்டினால், அந்த முகம் புள்ளி புள்ளியாக இறங்கும். அரசரின் மூக்கும் தாடையும் படத்துக்குப் படம் மாறாமல் இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் அணில் முடித் தூரிகையின் நுனியால் தாடி மயிரை ஒவ்வொன்றாக இழுப்பார்கள்.

முகலாயருக்கு முன்பே இந்தியாவில் இந்த எண்ணம் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வழங்கும் 'மானசோல்லாசம்', கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல எழுதிய படத்தை 'வித்த சித்திரம்' என்று தனியாகப் பிரிக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'படம்' துணியைக் குறித்து வந்த சொல். எதில் எழுதினார்கள் என்று சொல்கிறது. 'உருவப்படம்' உருவம் இருக்கிறது என்கிறது, ஒப்பு இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் தேடியது மதுரைக்காஞ்சியில் கிடைத்தது. மதுரைக் கடைத்தெருவில் கூடும் ஓவியரை அது இப்படிப் பாடுகிறது:

'எவ்வகைச் செய்தியும் உவமம் காட்டி
நுண்ணிதின் உணர்ந்த நுழைந்த நோக்கின்
கண்ணுள் வினைஞரும்'

எந்தச் செயலையும் 'உவமம்' காட்டி எழுதுகிறவர்கள்! தஷ்பீஹும் ஷபீஹும் ஒரே வேரில் பிறந்ததுபோல, இங்கே பாட்டின் உவமையும் ஓவியத்தின் ஒப்பும் ஒரே சொல்லில் நிற்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு உண்மையில் சிலிர்த்தது.

ஆனால் இன்று 'உவமம்' என்றால் இலக்கண வகுப்புதான் நினைவுக்கு வரும். வழக்கில் உயிரோடு இருப்பது 'சாயல்'. குழந்தையைப் பார்த்ததும் 'அப்படியே அப்பா சாயல்' என்கிறோமே, அது. தொல்காப்பியம் 'சாயல் மென்மை' என்று வேறு பொருள் சொன்னாலும், இன்று எல்லோர் வாயிலும் அது ஒப்பைத்தான் குறிக்கிறது. எனவே ஷபீஹுக்கு 'சாயல் ஓவியம்' என்பேன். அதை எழுதுபவரான 'ஷபீஹ்-கஷ்' என்பவரைச் 'சாயல் எழுதுநர்' எனலாம். 'வரைபவர்' என்பதைவிட 'எழுதுநர்' பொருந்தும். ஓவியத்தை எழுதுவதுதான் பழைய தமிழ் வழக்கு. படத்தின் கீழே குறிப்பு எழுதும்போது, 'ஷா அப்பாஸின் சாயல், எழுதியவர் பிஷன்தாஸ்' என்று போட்டால் போதும்.