மேடேறும்போது நிற்கும் பிக்கப்: பெட்ரோலைத் தள்ளுவது யார்?

குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எஸ்டேட்டில் கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்று ஓடுகிறது. மேட்டுப்பாளையத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பர்லியாறு தாண்டியதும் இருமி இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார். டிரைவரோ பம்ப் மேல் ஈரத்துணி போட்டாலே போதும் என்கிறார். யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதும் சரிதான். முதலில் டிரைவர் கட்சி.

பம்ப் உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் பம்ப் தன் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். டேங்கில் உள்ள பெட்ரோலை அழுத்தி, குழாய் வழியே அனுப்பிவைப்பது வெளிக்காற்று. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 1850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் அது சுமார் 81தான். பெட்ரோலோ சீக்கிரம் ஆவியாகிற சரக்கு. 38 டிகிரி செல்சியஸில் அதன் ஆவியழுத்தமே, அதாவது ஆவியாகி எதிர்த்துத் தள்ளும் அழுத்தமே, 60 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். கழித்துப் பாருங்கள்: கடற்கரையில் கையில் மிஞ்சுவது 41, குன்னூரில் 21. ஏறக்குறையப் பாதி போய்விட்டது. சரக்கோடு முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது பானெட்டுக்குள் காற்றோட்டமும் இருக்காது. குழாய் இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி சூடானால் மிச்சமிருந்த 21-ம் காலி. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதிக்கும். அப்புறம் பம்ப் ஆவியை அமுக்கி அமுக்கி விடுமே ஒழிய, பெட்ரோல் நகராது. இதைத்தான் வேப்பர் லாக் என்கிறார்கள்.

ஈரத்துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது பம்ப் குளிர்ந்து, உள்ளே இருக்கும் ஆவி மறுபடி திரவமாகிறது. டிரைவரின் வைத்தியம் சுத்தமான இயற்பியல். கொண்டை ஊசி வளைவில் நின்ற வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, கற்பூரம் கொளுத்தி, அது அணைந்ததும் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புவதும் இதனால்தான். கற்பூரம் எரிகிற நேரத்தில் குழாய் ஆறிவிடுகிறது. பெயர் எலுமிச்சம்பழத்துக்குப் போகிறது.

இனி பம்ப். உதிரிபாகக் கடையில் 'ஏ.சி. பம்ப்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளங்கையளவு உலோகக் கிண்ணம், நடுவில் டயாப்ரம் என்கிற ரப்பர் தோய்த்த துணித்தகடு, அதன் கீழே ஒரு ஸ்பிரிங், மேலே எதிரெதிர் திசையில் திறக்கும் இரண்டு சின்ன வால்வுகள், பக்கவாட்டில் எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு லீவர். எஞ்சினோடு சுற்றும் கேம் ஷாஃப்ட் என்கிற தண்டில் உள்ள மேடு சுற்றிவரும்போதெல்லாம் லீவரை அசைக்கிறது.

லீவர் அசைந்து பெட்ரோலை, அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கிடையாது! லீவருக்கு டயாப்ரத்தைக் கீழே இழுக்க மட்டுமே தெரியும். அந்த இழுப்பில் பெட்ரோல் உள்ளே வருகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது. மேடு நகர்ந்ததும் லீவர் கையை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு பெட்ரோலை மேலே தள்ளுவது ஸ்பிரிங் ஒன்றுதான்.

ஏன் இந்தச் சுற்றுவழி? எஞ்சின் 2000 சுற்றில் ஓடினால் கேம் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1000 முறை லீவரை அசைக்கிறது. அத்தனை பெட்ரோலும் கார்புரேட்டருக்குத் தேவையில்லை. அங்கே உள்ள சின்னத் தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி, ஊசி வால்வு வழியை அடைத்துவிடும். லீவரே நேராகத் தள்ளுவதாக இருந்தால் அந்த நேரத்தில் ஊசி பிதுங்கும், அல்லது டயாப்ரம் கிழியும். ஸ்பிரிங் தள்ளுவதால் அந்த வம்பே இல்லை. வழி அடைபட்டதும் டயாப்ரம் கீழேயே தங்கிவிடுகிறது. லீவர் எதையும் இழுக்காமல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கிறது. ஊசி திறந்தால் ஸ்பிரிங் வேண்டிய சொட்டை மட்டும் அனுப்பும். எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிப்பதும் எஞ்சின் வேகமல்ல, ஸ்பிரிங்கின் பலம்தான். சாதாரணமாக 3 முதல் 5 பி.எஸ்.ஐ. (ஒரு பி.எஸ்.ஐ. சுமார் 7 கிலோபாஸ்கல்). சென்சார் இல்லை, ஒயர் இல்லை. இதைவிட அழகான தானியங்கிக் கட்டுப்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. பொறியியல் கல்லூரிகளில் கோடிக்கணக்கில் செலவழித்து சிமுலேஷன் மென்பொருள் வாங்குகிறவர்கள், பழைய இரும்புக் கடையிலிருந்து இப்படி ஒரு பம்பை வாங்கி மாணவர் கையில் கொடுக்கலாம்.

மெக்கானிக் கட்சிக்கு வருவோம். ரப்பர் விறைத்து, வால்வு தேய்ந்த பம்ப் சமவெளியில் எப்படியோ சமாளிக்கும். மிஞ்சும் அழுத்தம் பாதியாகிற மலையில் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை ஊதவைக்கும், விரிசல் விடவைக்கும். மாற்றுப் பம்ப் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் டயாப்ரமா என்று கேட்டு வாங்குங்கள். இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பீய்ச்சும் புதுக் கார்களின் மின்சாரப் பம்ப் வேண்டாம். அதன் அழுத்தம் பத்து மடங்கு, கார்புரேட்டர் வழிந்து ஓடும்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. எஞ்சின் ஆறட்டும், பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. டேங்கிலிருந்து வரும் ஹோஸை அடைத்துவிட்டு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் பம்ப் கையில் வந்துவிடும். கவனம் வேண்டியது ஒரே இடத்தில்தான்: எஞ்சினைக் கையால் சுற்றி, கேமின் மேடு லீவரை விட்டு விலகி நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். லீவர் கேமின் முகத்தில் உட்கார வேண்டும், பக்கவாட்டில் செருகக் கூடாது. அப்படிச் செருகி போல்ட்டை இறுக்கினால் லீவர் முறியும். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வரும் கேஸ்கட்டும் பழைய தடிமனே இருக்கட்டும். தடித்தால் லீவரின் வீச்சு குறைந்து, புதுப் பம்பும் மேட்டில் திணறும்.

கடைசியாக ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். கிழிந்த டயாப்ரம் வழியாகப் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருந்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். அந்த ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றாமல் வண்டியை மலையிறக்க வேண்டாம். நீர்த்த ஆயிலில் பேரிங் தேய்ந்தால் அந்தச் செலவு பம்ப் விலையோடு நிற்காது.