சிலோன் நீலமா, இலகாகா நீலமா?

மகனுக்கு வாங்கிய நீலக்கல் மோதிரத்தோடு ஓர் அம்மா எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் அட்டை. 'சிலோன் நீலம்' என்று அச்சடித்து, கீழே ஒளிவிலகல் எண் 1.762–1.770, ஒப்படர்த்தி 4.00 என்று போட்டிருந்தது. "மெஷின்ல வெச்சுப் பாத்துத்தான் குடுத்தாங்க தம்பி" என்றார்.

பார்த்திருப்பார்கள். எண்களில் தப்பில்லை. ஆனால் காஷ்மீர் கல்லுக்கும் தாய்லாந்து கல்லுக்கும், ஏன், ஆலையில் உருக்கி எடுத்த செயற்கை நீலத்துக்கும் அதே எண்கள்தான் வரும். கல் குருந்தம், அதாவது நீலக்கல்லின் கனிமம், என்பதற்குத்தான் அவை சாட்சி. ஊருக்கு அல்ல.

ஊர் தெரிய வேண்டுமானால், பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில் கல்லுக்குள் கலந்திருக்கும் இரும்பு, டைட்டானியம், காலியம், மெக்னீசியத்தை அளக்க வேண்டும். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசர் படும். தலைமுடி அகலத்துக்கு ஒரு குழி விழும். அங்கிருந்து கிளம்பும் துகளில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று நிறைமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) எண்ணும். எக்ஸ்ரே கருவியில் குழி விழாது. ஆனால் இத்தனை சிறிய அளவில் மெக்னீசியம் அதற்குப் பிடிபடாது.

எரிமலைக் குழம்போடு மேலே வந்த ஆஸ்திரேலிய, தாய்லாந்து நீலங்களில் இரும்பு தூக்கலாக இருக்கும். உருமாற்றப் பாறையில் விளைந்த சிலோன் நீலத்தில் குறைவு. இதுவரை சுலபம்.

தலைவலி மடகாஸ்கர். 1998இல் அங்குள்ள இலகாகா என்ற ஊரில் நீலம் கிடைக்க ஆரம்பித்தது. இலங்கையும் மடகாஸ்கரும் தென்னிந்தியாவும் ஒட்டிக் கிடந்த காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரே மாதிரி பாறைச் சூட்டில் விளைந்த கற்கள் இவை. அளவுகளை வரைபடத்தில் புள்ளி வைத்தால் இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். அப்போது மைக்ராஸ்கோப்தான். சிலோன் கல்லில் 'பட்டு' என்று சொல்லப்படும் நீண்ட, மெல்லிய கனிம ஊசிகள் ஓடும். மடகாஸ்கர் கல்லில் பல சமயம் சிர்க்கான் என்ற வேறொரு கனிமத்தின் குட்டிப் படிகங்கள் கொத்தாகக் கிடக்கும். நிறத்துக்காகக் கடுஞ்சூடு போட்ட கல்லென்றால் பட்டும் கரைந்திருக்கும்.

'இலங்கைக்கே போய் வாங்கினேன்' என்பதும் செல்லாது. மடகாஸ்கர் கச்சாக் கல் அங்கே வந்து பட்டை தீட்டப்படுவது தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

நல்ல ஆய்வகம்கூடப் பிறப்பிடத்தைக் கருத்தாகத்தான் எழுதும். அந்த அம்மாவின் கல்லை லேசர் வசதி உள்ள இடத்துக்கு அனுப்பினோம். 'இயற்கை நீலக்கல், சூடேற்றப்பட்டது, பிறப்பிடம் தீர்மானிக்க இயலவில்லை' என்று வந்தது.

"அப்ப கடைக்காரங்ககிட்ட கேக்கலாமா தம்பி?"

பில்லை எடுக்கச் சொன்னேன். அதில் 'கல் மோதிரம் – 1' என்று மட்டும் இருந்தது.