மயில்துத்தம் கொட்டிய மூன்றாம் நாள்

ஆவணி மாதம், விடியற்காலை ஐந்து மணி. அந்த நேரத்தில் மீன் வளர்ப்பவரிடமிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். "சார், மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது." தஞ்சாவூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில் அரை ஏக்கர் குட்டை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கலந்து விட்டிருந்தார். பிடிப்பதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. மேலே நின்றவற்றில் பாதிக்கு மேல் அதற்குள் மல்லாந்துவிட்டன.

எனக்குச் சங்கடம் தந்தது மீன் செத்துக் கிடந்தது மட்டுமல்ல. தண்ணீர் தெளிவாக இருந்தது. முழங்கை வரை கையை விட்டால் விரல் நகம் தெரிந்தது. ஒரு வாரம் முன்புவரை கீரை மசியலைக் கரைத்து ஊற்றியது போல் இருந்த குட்டை அது. கிழக்குக் கரையோரம் நடந்தபோதுதான் கண்ணில் பட்டது: ஈரச் சேற்றில் ஒரு முழ அகலத்துக்கு, வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொட்டியது போல நீலக் கறை. அதற்கு மேல் காய்ந்துபோன பச்சை ஏடு. நாற்றம் குடலைப் புரட்டியது.

"தண்ணீருக்கு என்ன போட்டீர்கள் அண்ணே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மயில்துத்தம்" என்றார். பாசியைக் கொல்லப் போடும் செம்பு சல்பேட் அது. மீன் தீவனம் வாங்கும் இடத்தில் யாரோ சொன்னார்களாம். பத்துக் கிலோவை வாளி வாளியாகக் கரைத்துக் கரையைச் சுற்றி வீசியிருக்கிறார். இரண்டாம் நாள் பாசி வெளுத்தது; தண்ணீர் தெளிந்தது; சந்தோஷமாக இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் விடியலில் எனக்கு அழைப்பு.

அந்த நீலக் கறை எங்கிருந்து வந்தது? நீலப்பச்சைப் பாசியின் உடலில் பச்சையத்தோடு பைக்கோசயனின் என்ற நீல நிறமியும் இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை பச்சைக்குள் அது மறைந்திருக்கும். பாசியின் செல் உடைந்தால் நீலம் வெளியே கசியும். கரையில் நீலம் தெரிகிறது என்றால், கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் உடைந்து, உள்ளே வைத்திருந்த அனைத்தையும் தண்ணீரில் கொட்டிவிட்டன என்று பொருள். அந்த அனைத்தில் நஞ்சும் சேர்த்தி.

டெல்டாவில் இந்தப் பாசியைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு சிரமம் உண்டு. இங்கே நெல் விவசாயிக்கு நீலப்பச்சைப் பாசி நண்பன். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்து வயலுக்குத் தரும் உயிர் உரம் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். சுருள்பாசி என்று மாத்திரையாக விற்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். "வயலுக்கு நல்லது, மனிதனுக்குச் சத்து, மீனுக்கு மட்டும் விஷமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பாசி ஒரே இனம் அல்ல என்பதுதான் பதில். மீன் குட்டையில் வந்து உட்காருவது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். அதற்குத் தழைச்சத்தைப் பிடிக்கத் தெரியாது; நாம் போடும் எருவிலும் தீவனக் கழிவிலும் வாழ்கிறது. அதிலும் நஞ்சு சுரக்கும் வகையும் உண்டு, சுரக்காத வகையும் உண்டு. நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பார்த்த மாத்திரத்தில் "இது விஷம் இல்லாத பாசி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நானே சொன்னாலும்.

இதற்குச் சிறு சிறு காற்றறைகள் உண்டு. அவற்றின் உதவியால் மேலே மிதக்கும், வெயிலை முதலில் பிடித்துக்கொள்ளும், கீழே உள்ள மற்றப் பாசிகளை இருட்டில் தள்ளும். பகலெல்லாம் மாவுச்சத்தைச் சேர்த்துக் கனமாகி மாலையில் கீழே இறங்கும், இரவில் அதைச் செலவழித்து விடியலில் மேலே வரும். அதனால்தான் காலையில் ஏடாகத் தெரிவது சாயங்காலம் காணாமல் போகிறது. ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்போது அந்த ஏடு முழுவதும் கிழக்குக் கரையில் ஒதுங்கும். ஆடு மாடு தண்ணீர் குடிக்க வரும் துறை அந்தப் பக்கம் இருந்தால் அவற்றுக்கும் ஆபத்து. 1878-இல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டிரினா ஏரிக்கரையில் கால்நடைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதினார். இந்த நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் குறிப்பு அதுதான். பச்சை எண்ணெய்ச் சாயம் போன்ற ஏடு, காற்று ஒதுக்கிய கரை, குடித்த மாடு. நம் குட்டைக்கும் அப்படியே பொருந்துகிறது.

மைக்ரோசிஸ்டிஸ் சுரக்கும் நஞ்சின் பெயர் மைக்ரோசிஸ்டின். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த ஒரு சிறிய மூலக்கூறு. கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து, செல்லின் கட்டமைப்பைக் காக்கும் சில நொதிகளை முடக்கிவிடும். வளையமாக இருப்பதால் எளிதில் சிதையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் இதன் ஒரு வகை நாள்பட இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நஞ்சு கலந்த தண்ணீர் டயாலிசிஸ் கருவிகளுக்குள் போனதால் 52 நோயாளிகள் இறந்தார்கள்.

ஆனால் என் விவசாயிகளிடம் நான் சொல்லும் கதை வேறு. 1979, ஆஸ்திரேலியாவின் பாம் தீவு. குடிநீர் அணையில் பாசி பெருகிவிட்டது, தண்ணீரில் வாடை என்று மக்கள் புகார் சொன்னார்கள். அணையில் செம்பு சல்பேட் போட்டார்கள். அதாவது நம்முடைய மயில்துத்தம். சில நாட்களில் 138 குழந்தைகளும் 10 பெரியவர்களும் கல்லீரல் வீங்கி, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இருந்தது வேறு பாசி, வேறு நஞ்சு. நடந்தது மட்டும் இதேதான்: செல்லுக்குள் பூட்டிக் கிடந்த நஞ்சை மருந்து ஒரேயடியாகத் திறந்துவிட்டது.

எங்கள் குட்டைக்கு வருகிறேன். ஆக்சிஜன் மீட்டரை விட்டபோது லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் காட்டியது. 5 இருந்தால் கெண்டை மீன்கள் நிம்மதியாக மேயும். 2-க்குக் கீழே போனால் மேலே வந்து காற்று குடிக்கும். செத்த பாசி அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும், புதிதாக உண்டாக்கப் பாசியும் இல்லை. உண்மையைச் சொன்னால், பாசி பெருகிய குட்டைகளில் நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை நஞ்சால் அல்ல, மூச்சு முட்டித்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது: விரால். அது காற்றைச் சுவாசிக்கும் மீன், ஆக்சிஜன் குறைந்ததற்காகச் சாகாது. அன்று வாய்க்கால் வழியாகத் தானே வந்து சேர்ந்திருந்த நான்கு விரால்கள் அந்தக் குட்டையில் செத்துக் கிடந்தன. அறுத்துப் பார்த்தேன். கல்லீரல் வீங்கிக் கறுத்திருந்தது. பாசி நஞ்சா, அளவுக்கு மிஞ்சிய செம்பா என்று ஆய்வகம் இல்லாமல் சொல்ல முடியாது. வெறும் மூச்சுமுட்டல் இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

பச்சைத் தண்ணீர் என்றால் வளமான தண்ணீர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இளம்பச்சையும் பழுப்பும் கலந்த தண்ணீருக்கு அது சரி. மைக்ரோசிஸ்டிஸ் பச்சை அப்படிப்பட்டதல்ல. அதன் வழவழப்பான கூட்டங்களை நுண்விலங்குகளால் தின்ன முடியாது. நுண்விலங்குகளைத் தின்னும் கட்லாவுக்கு அப்போது இரை இல்லை. தண்ணீர் கரும்பச்சை, மீன் தலை பெருத்து உடல் மெலிந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

அடையாளம் காணக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் குனிந்து பாருங்கள்: தண்ணீரின் மேல் பச்சை ரவை தூவியது போல் தெரிந்தால் சந்தேகப்படலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை மொண்டு, அசைக்காமல் திண்ணையில் வையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பச்சை கழுத்துப் பக்கம் திரண்டால் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அடியில் படிந்தால் மற்றப் பாசி. குச்சியை விட்டு எடுத்தால் முடி போல் தொங்குவது நூல்பாசி. பெயின்ட் பூசியது போல் ஒட்டினால் இது. ஏடு உள்ள இடத்தில் கையை விட்டுப் பார்க்க வேண்டாம், தோல் தடிக்கும்.

அடுத்த தவறு சுண்ணாம்பு. மீனுக்கு எது வந்தாலும் சுண்ணாம்பு என்பது நம் பழக்கம். பாசி அடர்ந்த குட்டையில் மதியம் இரண்டு மணிக்குக் கார அமில நிலையை (pH) அளந்தால் 9, சில நாள் 9.5 கூட வரும். அந்த நேரத்தில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் காரம் இன்னும் ஏறும். தண்ணீரிலுள்ள அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 7-இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நம் ஊர்ச் சூட்டில் 9-இல் ஏறக்குறைய 40 சதவீதம். பாசியை விட்டுவிட்டு மீனைக் கொன்றது போல் ஆகிவிடும். சுண்ணாம்பு நல்லதுதான், குட்டையைக் காயப்போடும்போது.

சரி, பாசி வந்துவிட்டால் என்ன செய்வது? என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் அதில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. தீவனத்தை அன்றே பாதியாகக் குறையுங்கள். கோழி எரு, சாணம், சூப்பர் பாஸ்பேட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மணிச்சத்துத்தான் (பாஸ்பரஸ்) இந்தப் பாசியின் சோறு, கோழி எருவில் அது மிக அதிகம். ஏடு ஒதுங்கும் கரையில், விடிந்து சற்று நேரத்தில், கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, பழைய புடவையை இரண்டு பேர் பிடித்து இழுத்து வழித்து எடுங்கள். எடுத்ததை ஆடு மாடு, நாய் எட்டாத இடத்தில் குழிவெட்டிப் புதையுங்கள். மேல்நீரை நாலு விரல்கிடை வடித்து, வேறு தண்ணீர் இருந்தால் விடுங்கள். வடிக்கிற தண்ணீர் குடிநீர் ஊருணிக்கோ அடுத்தவர் குட்டைக்கோ போகக்கூடாது. இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடட்டும். அது இல்லாதவர் மோட்டார் தண்ணீரைப் பூவாளி போல் மேலே தெறிக்கவிட்டுத் திரும்பக் குட்டையிலேயே விழச் செய்யலாம். இரண்டு மூன்று வாரம் ஆகும். மேகமூட்டமான நாள், திடீர் மழை, காற்று நின்றுபோன இரவு இவற்றில் பாசி தானாகவே மொத்தமாகச் செத்து விழுவதும் உண்டு. அந்த இரவுகளில் தூங்காமல் இருப்பது நல்லது.

நீண்ட நாள் வைத்தியம் சேற்றில் இருக்கிறது. ஐந்தாறு ஆண்டு தூர்வாராத குட்டையின் அடிச்சேறு ஒரு மணிச்சத்துக் கிடங்கு. கோடையில் தண்ணீரை இறைத்து, வெடிப்பு விடும்வரை காயவிட்டு, அந்த வண்டலை வயலுக்கு எடுத்துப்போனால் வயலுக்கும் லாபம்.

மீனைச் சாப்பிடுவது பற்றி எப்போதும் கேட்பார்கள். பாசி இருக்கும்போது பிடித்த மீனில் நஞ்சு அதிகம் சேரும் இடம் குடலும் கல்லீரலும். சதையில் அதைவிடக் குறைவு. அதற்காகப் பாசியோடு பிடித்துச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் இந்த நஞ்சு அழியாது. பாசி அடங்கி, நல்ல தண்ணீரில் இரண்டு வாரமாவது இருந்த பிறகே பிடிப்பது உத்தமம். குடலோடு சமைக்கும் பொடிமீனை இந்த நாட்களில் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். குடலைப் பூனைக்கும் கோழிக்கும் போட வேண்டாம். சில நேரம் மீனில் மண்வாடை அடிக்குமே, அது ஜியோஸ்மின். அதையும் சில நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்குகின்றன. வாடைக்கும் நஞ்சுக்கும் தொடர்பில்லை, வாடை இல்லாத மீனிலும் நஞ்சு இருக்கலாம்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஐஸ் பெட்டியுடன் ஒரு வண்டி வந்து கரையில் நின்றது. யார் சொல்லி வந்தது என்று தெரியவில்லை. மிதந்தவற்றைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார் வந்தவர். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். விதைமீனுக்கும் தீவனத்துக்கும் நகையை அடகு வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை இல்லை. அவரும் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மண்வெட்டியை எடுத்துவந்தார். குட்டைக்கு எட்டத்தில், மேட்டுப் பக்கமாக, இடுப்பளவு ஆழத்துக்குக் குழி. சுமார் நானூறு கிலோ. மேலே சுண்ணாம்பு, அதன் மேல் மண், நாய் தோண்டாமல் இருக்கக் கருவேல முள். முடிக்க மதியம் மூன்று மணி ஆனது.