ரயில்வே கேட்: சட்டம் வண்டி ஓட்டுபவரிடம் என்ன எதிர்பார்க்கிறது?

கேட்டை மூடுவது கேட் கீப்பர் வேலை, திறந்திருந்தால் போக வேண்டியதுதானே என்று பலரும் நினைக்கிறோம். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது ஆள் இருக்கும் கேட்தான். வேன் தண்டவாளத்தைக் கடந்தபோது கேட் மூடியிருக்கவில்லை.

அந்த கேட்டில் இன்டர்லாக் வசதி இல்லை. அந்த வசதி இருந்தால், கேட்டை மூடிப் பூட்டிய பிறகுதான் ரயிலுக்கு சிக்னல் விழும். இல்லாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். கேட் கீப்பர் மூடிவிட்டு, மூடியதற்கு அடையாளமாக ஒரு 'பிரைவேட் நம்பர்' கொடுப்பார். இரண்டு பேரின் கவனத்தை நம்பியே எல்லாம் நடக்கிறது. சாலையில் வரும் நமக்கு எது எந்த வகை கேட் என்று தெரியாது. ஆகவே திறந்திருந்தாலும் வேகத்தைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆளில்லா கேட்டில் இது சட்டக் கடமையே. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 131-இன்படி வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ கிளீனரோ இறங்கி நடந்துபோய் ரயில் வரவில்லை என்று பார்த்து, வழிகாட்டி வண்டியைத் தாண்டவிட வேண்டும். வேறு ஆள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். நிறுத்திப் பார்க்காமல் கடந்தால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 161-இன் கீழ் ஓராண்டு வரை சிறை. அகல ரயில் பாதைகளில் (பிராட் கேஜ்) ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரியிலேயே ஒழித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மூடிய கேட்டில் தகராறு செய்பவர்களுக்கு அதே ரயில்வே சட்டத்தின் பிரிவு 160 இருக்கிறது. அனுமதியின்றித் திறந்தால் மூன்று ஆண்டு வரை, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. "ஒரு நிமிஷம் திறங்கண்ணே" என்று கெஞ்சுவதும் கேட் கீப்பரைத் தப்பு செய்யத் தூண்டுவதுதான். பைக்கைச் சாய்த்து அடியில் நுழைவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரட்டைப் பாதை என்றால், ஒரு ரயில் போனதும் எதிர்த்திசையில் இன்னொன்று வரலாம்.

எதிர்ப்பக்கம் நெரிசல் இருந்தால் தண்டவாளத்தில் ஏறவே கூடாது. வண்டி நடுவில் நின்றுவிட்டால் முதலில் எல்லோரையும் இறக்கித் தள்ளிப் போகச் செய்யுங்கள். அப்புறம் கேட் கீப்பரிடம் ஓடுங்கள்; ரயிலை நிறுத்தச் சிவப்புக் கொடியும், ஸ்டேஷனுக்குச் சொல்ல போனும் அவரிடம் இருக்கும். வண்டியைத் தள்ளுவதெல்லாம் அதற்குப் பிறகு.