124-ஆம் மாடியிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்?

2011-ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் துபாயின் மார்க்க அறிஞர்கள் ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். புர்ஜ் கலீஃபா கட்டடத்தில் 80-ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் தரையில் இருப்பவர்களைவிட இரண்டு நிமிடம் தாமதித்தும், 150-ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் தாமதித்தும் நோன்பு திறக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தரையில் நிற்பவருக்குச் சூரியன் மறைந்த பிறகும் மாடியில் நிற்பவருக்கு அது கண்ணெதிரே இருக்கிறது. சூரியன் கண்ணுக்குத் தெரிகையில் நோன்பை எப்படித் திறப்பது? மார்க்கம் கேட்ட இந்தக் கேள்விக்கு விடை வடிவியலில் இருக்கிறது. உயரமான கட்டடத்தின் பார்வையாளர் மாடத்தில் நிற்கும்போது நாம் எவ்வளவு தூரம் பார்க்கிறோம் என்பதற்கும் அதே வடிவியல்தான் அடிப்படை.

2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபாவின் மொத்த உயரம் 828 மீட்டர். பொதுமக்கள் அதன் உச்சிவரை செல்வதில்லை. பெரும்பாலோர் சென்று நிற்கும் 124-ஆம் மாடியின் உயரம் 452 மீட்டர். கூடுதல் கட்டணம் செலுத்துவோர் செல்லும் 148-ஆம் மாடியின் உயரம் 555 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல் கட்டணம் எதை வாங்கித் தருகிறது என்பதற்குப் பின்னர் வருவோம்.

பூமி உருண்டை என்பதால், கண்ணிலிருந்து புறப்படும் நேர்கோடு ஏதோ ஓரிடத்தில் அதன் பரப்பைத் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு வெளியேறிவிடும். அந்த உரசும் இடமே அடிவானம். பூமியின் மையம், பார்ப்பவரின் கண், உரசும் புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால், மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினாலே கிலோமீட்டரில் அடிவானத்தின் தொலைவு வந்துவிடுகிறது. கடற்கரையில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருடைய அடிவானம் வெறும் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். 452 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 76 கிலோமீட்டர்.

ஆனால் ஒளி காற்றில் முற்றிலும் நேராகச் செல்வதில்லை. கீழே அடர்த்தியாகவும் மேலே மெலிந்தும் இருக்கும் காற்றில் ஒளிக்கற்றை பூமியின் வளைவை ஒட்டிச் சற்றே கீழ்நோக்கி வளைகிறது. அதனால் வளைவுக்கு அப்பால் மறைந்திருக்க வேண்டிய ஒரு பட்டை நிலமும் கண்ணுக்கு எட்டிவிடுகிறது. சராசரி நிலையில் இதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 3.57 என்பது 3.86 ஆகிறது, 124-ஆம் மாடியின் அடிவானம் 82 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகிறது. சில நாட்களில் குளிர்ந்த கடல்நீரின் மேல் வெப்பக் காற்று படிந்திருக்கும்போது ஒளி இன்னும் அதிகமாக வளைந்து, தொலைவில் உள்ள கப்பல்கள் நீருக்கு மேலே மிதப்பது போலத் தோன்றும். பாலைவனச் சாலையில் தெரியும் கானல்நீருக்கு இது நேர் எதிரானது: அங்கே தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒளி மேல்நோக்கி வளைகிறது, இங்கே கீழ்நோக்கி வளைகிறது.

அடிவானம் தொலைவுக்குப் போவதோடு கீழேயும் இறங்குகிறது. 452 மீட்டர் உயரத்தில் நின்று கண்ணுக்கு நேர்கிடையாக ஒரு கோடு போட்டால், அடிவானம் அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 0.63 பாகை கீழே இருக்கும். வானத்தில் சூரியனின் அகலம் அரைப் பாகையைச் சற்றே தாண்டும். அதாவது தரையில் இருப்பவருக்கு முழுச் சூரியனும் மூழ்கிய அந்தக் கணத்தில், 124-ஆம் மாடியில் இருப்பவருக்கு அது இன்னும் அடிவானத்தைத் தொட்டிருக்காது. துபாயின் அட்சரேகையில் சூரியன் ஒரு பாகை இறங்குவதற்கு ஏறத்தாழ நாலரை நிமிடம் ஆகிறது, ஆகவே 0.63 பாகைக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. 80-ஆம் மாடியின் உயரம் ஏறத்தாழ 300 மீட்டர் என்று கொண்டால் இரண்டேகால் நிமிடமும், 150-ஆம் மாடியில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமும் வரும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நேரம் குறிக்க முடியாதல்லவா? முழு நிமிடங்களாகச் சுருக்கிச் சொல்லப்பட்ட அந்த அறிவிப்பு இயற்பியலோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

அடிவானம் இப்படித் தாழ்வதை வைத்தே பூமியை அளந்தவர் ஒருவர் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு குன்றின் மீது ஏறிய அல்பிரூனி, அங்கிருந்து சமவெளியின் அடிவானம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்தார். கிடைத்த அளவு 34 கலை, அதாவது அரைப் பாகையைவிடச் சற்று அதிகம். குன்றின் உயரத்தை ஏற்கெனவே 652 முழம் என்று கணித்து வைத்திருந்ததால், இந்த ஒரே கோணத்திலிருந்து பூமியின் ஆரத்தை அவரால் பெற முடிந்தது. அவருடைய முழம் எத்தனை சென்டிமீட்டர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டென்றாலும், அவர் கண்ட விடை இன்றைய மதிப்புக்கு நெருக்கமானது என்றே கருதப்படுகிறது. 124-ஆம் மாடியில் வடிவியலின்படி மட்டும் கணக்கிட்டால் அந்தக் கோணம் 41 கலை. அல்பிரூனி கண்ட அதே காட்சியை இன்று லிஃப்டில் ஏறிய எவரும் காணலாம்.

அந்த லிஃப்ட் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறி ஒரு நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடுகிறது. அதற்குள் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்துவிடுவதால் காது அடைக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்றை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் குழாய், காற்றை வெளியே விடுவதில் தாராளமாகவும் உள்ளே விடுவதில் கஞ்சத்தனமாகவும் இருப்பதால், ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் தொல்லை அதிகம். தைவானின் தைபே 101 கட்டடத்தின் லிஃப்ட் நிமிடத்துக்கு 1,010 மீட்டர் வேகத்தில் ஏறினாலும் 600 மீட்டர் வேகத்தில் மட்டுமே இறங்குவதற்குப் பயணிகளின் காதும் ஒரு காரணம். ஒரு நிமிடத்தில் மேலே போய்விடலாம் என்பதால், தரையில் ஒருமுறையும் மாடியில் ஒருமுறையுமாக ஒரே மாலையில் இரண்டு அஸ்தமனங்களைப் பார்ப்பது கொள்கையளவில் சாத்தியம். லிஃப்டுக்கு முன்னால் நிற்கும் வரிசைதான் அதை நடக்கவிடாது.

இனி கட்டணத்துக்கு வருவோம். 148-ஆம் மாடியின் அடிவானம் 91 கிலோமீட்டர். உயரம் 23 விழுக்காடு கூடியும் தொலைவு கூடியது 11 விழுக்காடுதான். வர்க்கமூலத்தின் இயல்பு அது. கூடுதலாகக் கிடைத்த அந்த ஒன்பது கிலோமீட்டரும் நமக்குப் பயன்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. 124-ஆம் மாடியிலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு புள்ளி, கண்மட்டத்துக்கு 1.4 பாகை கீழே தெரியும், அடிவானமோ 0.63 பாகை கீழே. ஆக, 20 கிலோமீட்டரிலிருந்து 82 கிலோமீட்டர் வரை விரிந்து கிடக்கும் நிலமும் கடலும் முக்கால் பாகைக்குள் நசுங்கிக் கிடக்கின்றன. கையை முழுவதும் நீட்டிச் சுண்டுவிரலைக் கிடையாகப் பிடித்தால் அந்த 62 கிலோமீட்டரும் விரலுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

உயரத்தின் உண்மையான பயன் அருகில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு தெருவைத் தரையிலிருந்து பார்த்தால் பார்வை தரையோடு தரையாகச் செல்லும். நடுவில் ஒரு மதில் இருந்தாலே போதும், எல்லாம் மறைந்துவிடும். 124-ஆம் மாடியிலிருந்து அதே தெருவை ஏறத்தாழ 13 பாகை சாய்வில் பார்க்கிறோம். தெருக்கள் கோடுகளாகவும், சந்திப்புகள் முடிச்சுகளாகவும், நகரம் முழுவதும் ஒரு வரைபடமாகவும் விரிவது இந்தச் சாய்வினால்தான். நல்ல கண்ணுக்கு ஒரு கலை அளவுள்ள விவரம் பிரிந்து தெரியும் என்பது பொதுக் கணக்கு. நேர்கீழே 452 மீட்டர் தொலைவில் அது 13 சென்டிமீட்டருக்குச் சமம். அதனால்தான் நடைபாதையில் செல்பவர் ஓர் ஆள் என்பது தெரிகிறது, ஆனால் அவருடைய முகம் தெரிவதில்லை.

இதுவரை சொன்னவை அனைத்தும் காற்று தெளிவாக இருந்தால் என்ற நிபந்தனைக்கு உட்பட்டவை. தூசியும் ஈரமும் இல்லாத தூய காற்றில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வரை பார்க்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட காற்று பாரசீக வளைகுடாவின் கரையில் கிடைப்பதில்லை. தொலைவில் உள்ள ஒரு கட்டடத்திலிருந்து வரும் ஒளியை நடுவில் உள்ள துகள்கள் சிதறடித்துக் குறைக்கின்றன. அதே துகள்கள் சூரிய ஒளியை நம் பார்வைப் பாதைக்குள் சிதறடித்து ஒரு வெளிர்திரையை விரிக்கின்றன. பொருள் மங்குகிறது, பின்னணி வெளுக்கிறது, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தேய்கிறது. அந்த வேறுபாடு 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் கண் அதை உணராது என்ற அளவுகோலை 1924-இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய அறிஞர் வகுத்தார். காண்தொலைவு 20 கிலோமீட்டர் என்று வானிலைத் துறை அறிவிக்கும் ஒரு நாளில், 5 கிலோமீட்டரிலேயே வேறுபாடு 38 விழுக்காடாகவும், 10 கிலோமீட்டரில் 14 விழுக்காடாகவும் குறைந்துவிடும். 82 கிலோமீட்டரில் அது ஒரு கோடியில் ஒரு பங்கு. அன்றைக்கு 148-ஆம் மாடிக்குப் போனாலும் அடிவானம் தெரியாது.

தெளிவான நாளில் ஈரான் தெரியும் என்று சிலர் சொல்வதையும் இப்படியே எடைபோடலாம். எதிர்க்கரை 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் அந்தக் கடற்கரை தெரியவே தெரியாது. ஆனால் ஆயிரம் மீட்டர் உயரமுள்ள மலையுச்சிக்கு அதன் பங்குக்கு 122 கிலோமீட்டர் அடிவானம் உண்டு. கலங்கரை விளக்கமும் கப்பலும் ஒன்றையொன்று காண்பதைப் போல, இரண்டு அடிவானங்களையும் கூட்டினால் 200 கிலோமீட்டரைத் தாண்டும். வடிவியல் அனுமதிக்கிறது, காற்று அனுமதிப்பது மிக அரிது.

குளிர்கால விடியலில் நிலைமை வேறு. தெளிந்த இரவில் மணல் வெப்பத்தை வேகமாக இழந்து குளிர, கடலிலிருந்து வந்த ஈரக்காற்று அதன் மேல் படிந்து மூடுபனியாகிறது; அந்தப் பனிப்படலம் கட்டடத்தின் பாதி உயரத்துக்குக்கூட எட்டாத நாட்களில், மாடத்தில் நிற்பவருக்குக் கீழே வெண்மேகக் கடலும் அதிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் கோபுர முனைகளும் மட்டுமே தெரியும்.

எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதற்கும் சிதறல்தான் விடை சொல்கிறது. தூசித் துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிப்பதால், சூரியன் இருக்கும் திசையில் வெளிர்திரை மிகவும் தடித்தும், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் மெலிந்தும் இருக்கும். ஆகவே காலையில் மேற்கே கடலையும் பனைமர வடிவத் தீவையும் பார்ப்பது நல்லது. மாலையில் கிழக்கே பாலைவனத்தையும், நல்வாய்ப்பிருந்தால் அதற்கப்பால் நீலக்கோடாகத் தெரியும் ஹஜர் மலைத்தொடரையும் பார்க்கலாம். எல்லோரும் அஸ்தமனத்துக்காக மேற்கே முண்டியடிக்கும் அந்த நேரத்தில் கிழக்குப் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். சூரியன் ஐந்து பாகை உயரத்தில் இருக்கும்போது கட்டடத்தின் நிழல் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அது நீண்டுகொண்டே போய் மங்கி, கீழே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய பிறகும் மாடத்தின் கைப்பிடியில் மட்டும் இன்னும் சில நிமிடம் வெயில் இருக்கும்.