மருள்: சாமி வரும் நிலைக்கு ஒரு சொல்

சாமி வந்து ஆடும் நிலையை ஆங்கிலத்தில் டிரான்ஸ் (trance) என்பார்கள். அதைத் தமிழில் 'மயக்கநிலை' என்று எழுதிவிடுகிறார்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் ஒட்டாது. மயங்கியவர் விழுவார், அருள் வந்தவர் அடி பிசகாமல் ஆடுவார்.

டிரான்ஸின் வேர் லத்தீன். 'கடந்து போதல்' என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதாவது, ஆள் இங்கிருந்து எங்கோ போய்விடுகிறார். நம் பக்கத்தில் திசையே வேறு. சாமி வருகிறது, ஏறுகிறது, கடைசியில் 'மலையேறிடுச்சு' என்கிறோம். ஆவேசம் என்ற வடசொல்லுக்கும் உள்ளே புகுதல் என்றுதான் பொருள்.

போன ஆடியில் எங்கள் தெருவில் பம்பைக்காரர் சாமியை அழைக்கும் வருணிப்பு பாட ஆரம்பித்தார். இடுப்பில் கட்டிய இரட்டைப் பம்பை, பக்கத்தில் உடுக்கை, சிலம்பு. அடி மெல்ல மெல்ல இறுகியது. அத்தைக்கு முதலில் விரல்கள் நடுங்கின, அப்புறம் தோள், அப்புறம் தலைமுடி அவிழ்ந்தது. "வந்திருக்கறது யாரு தாயே?" என்று பம்பைக்காரர் கேட்டார். "கெங்கம்மாடா!" என்று பதில் வந்தது. விழாமல் இருக்க அத்தையின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது எதிர்வீட்டு அக்கா. இரண்டு வீட்டுக்கும் பொங்கலிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. சாமி மலையேறிய பிறகு மோர் கொண்டுவந்து கொடுத்ததும் அந்த அக்காதான்.

2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசில் பள்ளி மாணவர்களை ஆடவைத்துப் பார்த்தார்கள். ஒரே அசைவை ஒன்றாக ஆடியவர்களுக்குத் தம்மோடு ஆடியவர்கள்மேல் நெருக்கம் கூடியது. வலி தாங்கும் அளவும் உயர்ந்தது. உடம்பில் சுரந்து வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் என்ற பொருளே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. பம்பை அடிக்குக் கால் சேர்ந்தாற்போல் விழும் எங்கள் தெருவுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சரி, எந்தச் சொல்லை எடுப்பது? சங்க காலத்தில் வேலன் என்ற பூசாரி முருகனுக்காக ஆடியது வெறியாட்டு. அழகான சொல், ஆனால் வெறி இன்று சாதிவெறி, மதவெறி என்று கெட்டுப்போய்விட்டது. அருள் நல்ல சொல்தான். என்றாலும் சாமி இல்லாத இடத்தில் பொருந்தாது.

மருள் மிஞ்சுகிறது. அதன் பழைய பொருள் தெளிவின்மை. அப்பருக்கு இளமையில் இருந்த பெயர் மருள்நீக்கியார். அந்தப் பொருளை வைத்து இதை ஒதுக்க வேண்டாம். குறளில் அந்திப்பொழுதுக்கு 'மருள்மாலை' என்று வருகிறது. பகலும் இல்லை, இரவும் இல்லை, இரண்டும் கலந்த நேரம். அத்தையும் கெங்கம்மாவும் ஒரே உடம்பில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆடுகிறவரை மருளாளி என்று சொல்லும் வழக்கமும் உண்டு.

நோயாளியை மருத்துவர் படுக்கவைத்து வரவழைக்கும் நிலைக்கு (ஹிப்னாஸிஸ்) மட்டும் இது வேண்டாம். அதற்கு அறிதுயில் என்று தனிச்சொல் இருக்கிறது.