வட கொரியா மீது தடை என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பகை நாட்டுச் சர்வாதிகாரி அணுகுண்டு செய்தால் உடனே எழும் பேச்சு, போரா தடையா என்பதுதான். வட கொரியா விஷயத்தில் போரை நினைக்கவே பயமாக இருக்கிறது: தென் கொரியத் தலைநகர் சியோல் எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான், பீரங்கி எட்டும் தூரம். அதனால் எல்லோரும் தடைக்கே வந்து நிற்கிறார்கள். அந்தத் தடை எங்கே ஓட்டையாகிறது என்பதுதான் செய்திகளில் வருவதில்லை.

2017 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 2397-ஆம் தீர்மானம் வட கொரியாவுக்குப் போகும் சுத்திகரித்த எண்ணெய்ப் பொருட்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய் என்று வரம்பு வைத்தது. கடலில் நடப்பது வேறு. இரண்டு டேங்கர்கள் உரசாமலிருக்க நடுவே ரப்பர் மிதவைகளைப் போட்டு ஒட்டி நிற்கும். குழாய் மாட்டி எண்ணெயை மாற்றிக்கொள்ளும். இருப்பிடம் காட்டும் ஏஐஎஸ் கருவியை அதற்கு முன்பே அணைத்திருப்பார்கள். சில கப்பல்கள் பெயரையே மாற்றி எழுதிக்கொள்ளும். இதையெல்லாம் துப்புத் துலக்கிய ஐ.நா. நிபுணர் குழுவை நீட்டிக்க விடாமல் 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டது. பிறகு 11 நாடுகள் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தன. அதற்குப் பாதுகாப்பு கவுன்சிலின் அதிகாரம் கிடையாது.

அதே தீர்மானம் உலோகப் பொருட்களையும் தடுத்தது. அதனால் மருத்துவமனைக் கருவிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும்கூடத் தொண்டு நிறுவனங்கள் தடைக் கமிட்டியிடம் விலக்கு கேட்டு, எத்தனை, எந்த வழியாக, எப்போது என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டியதாயிற்று. எண்ணெய் கள்ளத்தனமாகப் போய்ச் சேர, மருந்துப்பெட்டி காத்திருந்தது. இது கொடுமை.

பலன் தந்த முறை ஒன்று உண்டு. 1994-இல் அமெரிக்காவுடன் செய்த ஜெனீவா உடன்பாட்டில், குண்டுக்கான புளூட்டோனியம் கிடைக்கும் யோங்பியோன் அணு உலையை வட கொரியா நிறுத்தியது. சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வாளர்கள் அங்கேயே இருந்தார்கள். பதிலுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டன் ஃபர்னஸ் ஆயில், மின்சாரத்துக்கு இரண்டு அணு உலைகள் என்று பேச்சு. எட்டு ஆண்டுகள் அங்கே புதிதாகப் புளூட்டோனியம் பிரிக்கப்படவில்லை. குறை இருபக்கமும் உண்டு. 2003-க்குள் முடிய வேண்டிய அந்த மின்சார உலைக்கு 2002 ஆகஸ்டில்தான் கான்கிரீட் ஊற்றினார்கள். வட கொரியாவோ குண்டுக்கு இன்னொரு வழியான யுரேனியம் செறிவூட்டலில் ரகசியமாக இறங்கியிருந்தது. நவம்பரில் எண்ணெய் நின்றது, டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 2006 அக்டோபரில் முதல் குண்டு வெடித்தது.

பதிலுக்கு ஏதாவது கிடைத்தால்தான் வட கொரியா நிறுத்தும் என்பதையே, மக்காவ் வங்கி ஒன்றில் 2005-இல் முடங்கிய அதன் 2.5 கோடி டாலரும் காட்டுகிறது. பணம் முடங்கியிருந்தபோதுதான் அந்தக் குண்டு வெடித்தது. 2007 ஜூனில் பணம் திரும்பியது, ஜூலையில் யோங்பியோன் மூடப்பட்டது.

ஆகவே 'புதிய தடை' என்று செய்தி வந்தால், அவர்கள் எதைச் செய்தால் எந்தத் தடை விலகும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். வட கொரியத் தலைவர் கிம்மும் அமெரிக்க அதிபர் டிரம்பும் பேசிய 2019 ஹனோய்ச் சந்திப்பு உடைந்தது இந்த இடத்தில்தான்: யோங்பியோனைக் கலைக்க, 2016-17 தீர்மானங்கள் ஐந்தின் முக்கியப் பகுதிகளை நீக்கக் கேட்டது வட கொரியா, யோங்பியோன் மட்டும் போதாது என்று எழுந்துவிட்டார் டிரம்ப். அதன் பிறகு 2021-இல் யோங்பியோன் உலை மீண்டும் ஓடத் தொடங்கியதாக அணுசக்தி முகமை அறிக்கை தந்தது.